நைட் ஷிப்ட் செடிகள்

காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். தம்பி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, ஷூவைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் உள் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவான். அதே நேரத்தில் அம்மா ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருக்கும் சின்னத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றி முடித்த கையோடு உள் அறைக் கதவைத் தட்டுவாள்.

"தம்பி, இட்லி ஆறிப்போயிடும்டா. ரெண்டு வாய் தின்னுட்டுப் படு."

அவன் எழுந்து வந்து கண்ணை மூடிக்கொண்டே இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போவான். பதினொரு மணிக்கு மறுபடி கதவு தட்டப்படும், காபிக்காக. ஒரு மணிக்குச் சோற்றுக்காக. ராத்திரி முழுக்கக் கண்விழித்த பிள்ளை வெறும் வயிற்றோடு கிடக்கிறானே என்ற பதைப்பு அவளுக்கு. வெயிலில் நிற்கிற செடி தாகமாய் இருக்குமே என்பதும் அதே பதைப்புதான்.

ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி முடிவதற்குள் தொட்டிகளில் பாதி அழுகிவிட்டன. தம்பி ஆறு கிலோ இளைத்துவிட்டான். இரண்டுக்கும் அம்மா சொன்ன காரணம் ஒன்றேதான்: "நாம சரியா கவனிக்கல."

நாங்கள் இருப்பது மீஞ்சூரில். தம்பிக்கு வேலை காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். மாதத்தில் பாதி நாள் நைட்டு. காட்டுப்பள்ளி என்பது கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. தெற்கே கொசஸ்தலை ஆறு வந்து சேரும் எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. என் சின்ன வயதில் அந்தப் பக்கம் என்றால் சவுக்குத் தோப்பும் கருவாட்டு வாசனையும். இன்றைக்குக் கப்பல் கட்டும் தளம், துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், வழியெல்லாம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மைல் கணக்கில் டிரெய்லர் லாரிகள். காட்டுப்பள்ளி என்றால் இப்போது பலருக்கு ஊர் ஞாபகம் வருவதில்லை. எந்த கேட் என்று கேட்கிறார்கள்.

செடிகளை வாங்கி வந்தவள் நான். பள்ளியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுப்பவள் வீட்டில் துளசியைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று ஒருநாள் தோன்றியது. இடம் கிடையாது, கைப்பிடிச் சுவரின் ஒரு சாண் அகலம்தான் உண்டு. நர்சரிக்காரர் சொன்னார், "சக்குலன்ட் வாங்கிட்டுப் போங்க டீச்சர், அது சாகவே சாகாது." கல்லில் செதுக்கிய தாமரை மாதிரி எச்செவேரியா இரண்டு, வெள்ளைக் கோடு போட்ட ஹவொர்தியா ஒன்று, ஜேட் என்ற பெயரில் ஒன்று, ஸ்நேக் பிளான்ட் மூன்று. மொத்தம் எண்ணூறு ரூபாய்க்குமேல் ஆயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. ஸ்நேக் பிளான்ட் என்பது நம் ஊரில் நார் எடுக்கப் பயன்பட்ட மருளுக்கு நெருங்கிய சொந்தம். இதே குணம் உள்ள கற்றாழையும் பிரண்டையும் திருகுகள்ளியும் வேலியோரம் காசில்லாமல் கிடக்கின்றன. ஆனால் கள்ளி என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. சங்கப் பாட்டில் அது பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்கும். பிற்காலத்தில் கள்ளிப்பால் என்றாலே பெண் சிசுவின் ஞாபகம்தான். அதனால்தானோ என்னவோ, அதே சாதிச் செடி ஆங்கிலப் பெயரோடு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வந்தால்தான் நாம் வீட்டுக்குள் விடுகிறோம்.

கள்ளிக் குலத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதிவிலக்கு, வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டியிருந்த கற்றாழை. திருஷ்டிக்காக அம்மா கட்டியது. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது, வேர் வெறும் காற்றில். இரண்டு வருடமாகப் பச்சையாகவே இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, "எப்படித்தான் உயிரோட இருக்கோ!" என்பார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

அழுகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செடி வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம் அதுதான். முதலில் அடி இலை கண்ணாடி மாதிரி ஆகும், வேகவைத்த வெங்காயத்தின் நிறத்தில். தொட்டால் வலிக்காமல் கழன்று விரலோடு வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுக்கும். அதன் பிறகு செடி தொய்ந்து நிற்கும். தொய்ந்த செடியைப் பார்த்தால் யாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும். இன்னொரு மக் தண்ணீர் விழும். உண்மையில் வேர் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டது. வேர் போனபின் சுற்றிலும் எத்தனை ஈரம் இருந்தாலும் செடிக்கு ஒரு சொட்டுக்கூட ஏறாது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் சாகிற காட்சி அது.

உண்மையிலேயே தாகத்தில் இருக்கும் செடி வேறு மாதிரி இருக்கும். வெகுநேரம் துணி துவைத்த விரல்போல இலை சுருங்கும், மெலியும், ஆனால் கழன்று விழாது. விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கண்ணால் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வாட்டம்தான்.

மண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. நர்சரியில் தருவது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. சரக்கு ஏற்றி இறக்க லேசாக இருக்கும் என்பதற்காக அது. நம் மழைக்காலத்தில் நனைந்தால் பத்து நாளானாலும் காயாது. செம்மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணலோ உடைத்த செங்கல் பொடியோ இரண்டு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரி. அடியில் துளை இல்லாத பீங்கான் கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சவப்பெட்டிதான். சுடுமண் சட்டியே போதும், பக்கமெல்லாம் கசிந்து காயும். கடற்கரை மணல் கிட்டத்தில் கிடைக்கிறதே என்று எங்கள் பக்கத்து ஆட்கள் அள்ளி வந்து போடுவதுண்டு, உப்பு என்பதை மறந்துவிட்டு.

உப்பைப் பற்றி மீஞ்சூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக இந்த வட்டாரத்துக் கிணறுகளிலிருந்து உறிஞ்சி எடுத்த எடுப்பில், நிலத்துக்கு அடியில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியின் விளிம்பில் பதினைந்து நாளில் வெள்ளைப் பொருக்குப் படியும். இலை நுனி கருகும். குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்கப் போர் தண்ணீர் என்று பிரித்து வாழ்கிற வீட்டில் செடிக்கு எந்தத் தண்ணீர் என்பது ஒரு குடும்பத் தகராறு. கடைசியில் மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்து மழைத்தண்ணீரைப் பிடிக்க ஆரம்பித்தோம். பத்துப் பன்னிரண்டு சட்டிகளுக்கு அது பங்குனி வரைக்கும் வந்தது; அவ்வளவு கொஞ்சமாகத்தான் அவை குடிக்கின்றன.

மண், சட்டி, தண்ணீர் எல்லாம் சரி செய்தபின்னும் எச்செவேரியா இரண்டும் பிழைக்கவில்லை. தை மாதம் தேறியவை சித்திரையில் போய்விட்டன. அம்மா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். குற்றம் அவள்மேல் இல்லை. அப்போதுதான் நான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து, மதிப்பெண்ணும் போட்டுவந்த ஒரு விஷயம் என் வீட்டுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது என்பது உறைத்தது.

பெஞ்சமின் ஹெய்ன் என்று ஒரு ஜெர்மானியர். மொரேவியத் திருச்சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்தார். இந்தியாவில் தான் கவனித்த ஒரு விசித்திரத்தை 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தைச் சேர்ந்த லாம்பர்ட் என்பவருக்குக் கடிதமாக எழுதினார். நம் கிராமங்களில் ரணகள்ளி என்கிற, இலையைக் கிள்ளிப் போட்டால் விளிம்பெல்லாம் குட்டி போடுகிற செடி இருக்கிறதே, அதன் இலையை விடியற்காலையில் கடித்தால் புளிக்கிறது. மத்தியானம் கடித்தால் சுவையே இல்லை. சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்பதுதான் கடிதத்தின் சாரம். இதற்கு அவர் சொன்ன காரணம் முழுதும் சரியில்லை. ஆனால் பார்த்தது சரி. 1819இல் சென்னையிலேயே இறந்தார். அவர் நாக்கில் பட்ட அந்தப் புளிப்பின் முழுக் கணக்கும் தெரிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

கணக்கு இதுதான். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். திறந்த துளை வழியாக உள்ளேயிருக்கும் ஈரமும் போய்க்கொண்டே இருக்கும். வறண்ட நிலத்துச் சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பகலெல்லாம் கதவைச் சாத்திவிடுகின்றன. ராத்திரி, வெயில் அடங்கிக் குளிர்ந்தபின் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அதை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் சேர்த்துவைக்கின்றன. காலையில் இலை புளிப்பது அதனால்தான். விடிந்ததும் கதவை அடைத்துக்கொண்டு, சேர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளிச்சத்தில் சமைக்கின்றன. பாடப்புத்தகம் இதற்கு நாக்கு சுளுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, சுருக்கமாக கேம் என்பார்கள். எனக்கு அதைவிட நல்ல பெயர் அன்றைக்குக் கிடைத்தது: நைட் ஷிப்ட்.

எச்செவேரியா மெக்சிகோவின் மேட்டு நிலத்தது. அங்கே பகல் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி குளிரும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் ராத்திரி குளிர்வதில்லை. நடுநிசியிலும் மாடிச்சுவர் கையைச் சுடும், காற்றில் பிசுபிசுப்பு. அந்தச் செடியின் வேலை நேரமே நாசம். பகல் வெயிலுக்குப் பயந்து நான் அதற்குப் பச்சை நிழல்வலை கட்டினேன். அதற்கு வேண்டியிருந்ததோ குளிர்ந்த இரவு. அதை என்னால் கொடுத்திருக்க முடியாது. அதை வாங்கியே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அடினியம், மருள், ஜேட் எல்லாம் நம் இரவோடு ஒத்துப்போகின்றன. அழகு கொஞ்சம் மட்டு என்றாலும் வீடு தேடி வந்தால் தங்கும்.

ரணகள்ளி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து நானும் கடித்துப் பார்த்தேன், நுனியளவு. (ஆடு மாடுகள் நிறையத் தின்றால் ஆகாத செடி, நீங்களும் கீரை என்று வதக்கிவிடாதீர்கள்.) விடியற்காலை ஐந்தரைக்குப் புளிச்சக்கீரை மாதிரி பல் கூசியது. மத்தியானம் பள்ளியிலிருந்து ஓடிவந்து கடித்தேன், வெறும் பச்சைத் தண்ணீர். ஹெய்ன் செய்தது பெரிய ஆராய்ச்சி இல்லை. ஒரே இலையை மூன்று வேளை கடித்துப் பார்த்தார். ஒரு வேளை மட்டும் கடித்திருந்தால் புளிப்புச் செடி என்றோ, சப்பென்ற செடி என்றோ எழுதிவிட்டுப் போயிருப்பார். நாம் மற்றவர்களைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயங்களில் முக்கால்வாசி ஒரு வேளை கடித்துச் சொன்னவை.

அன்றைக்கு மத்தியானம் இலையை வாயில் வைத்துக்கொண்டு நான் மாடிப்படியில் நின்றபோது, அம்மா உள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி அந்த அறையை ராத்திரியாக்க என்னென்னவோ செய்திருந்தான். ஜன்னல் கண்ணாடியில் சமையல் அலுமினியத் தாளை ஒட்டியிருந்தான். அதற்குமேல் அம்மாவின் பழைய கறுப்புப் போர்வை. ஃபேனை முழு வேகத்தில் வைப்பது காற்றுக்காக இல்லை, தெருச் சத்தம் கேட்காமலிருக்க. இவ்வளவும் செய்து அவன் சாத்திய கதவை நாங்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை அன்பாகத் திறந்தோம். "அக்கா, பசிக்குது, ஆனா தூக்கம்தான் வேணும். ரெண்டும் சேர்ந்து வருது, நான் என்ன பண்றது?" என்று ஒருநாள் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் கரைக்கு இரவு வேலை புதிதில்லை. பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவது ராத்திரியில்தான். யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சுற்றுமுறையாகப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஆனால் அது நீரோட்டமும் நிலவும் சொல்கிற நேரம். வீட்டாருக்கும் அதே நேரம். வலை கட்டியவன் பகலில் தூங்கினால் தெருவே அதை அறிந்திருக்கும். தம்பியின் நேரத்தைச் சொல்வது கப்பல் அட்டவணை. அவன் தூங்கும்போது எங்கள் தெரு விழித்திருக்கிறது. கேஸ் வண்டிக்காரர், கீரைக்கார அம்மா, எதிர்வீட்டு டிரில்லிங் மெஷின்.

ஒப்புமை இதோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செடி இரவில் திறப்பது அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. 1729இல் தே மெரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஒரு தொட்டாற்சிணுங்கியை இருட்டு அலமாரிக்குள் வைத்தார். வெளிச்சமே படாமலும் அது பகல் வந்தால் இலையை விரித்தது, இரவில் மூடியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு அது முதல் தடயம். அந்தக் கடிகாரத்தின் பாகங்களைப் பழ ஈயில் பிரித்துக் காட்டிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் கடிகாரம் பகலுக்குச் செய்யப்பட்டது. பத்து வருடம் நைட்டு பார்த்தாலும் அது முழுதாகத் திரும்பி ஓடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலேயே உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் பணியை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கள்ளி ராத்திரியில் பிழைக்கிறது. தம்பி ராத்திரியில் சம்பாதிக்கிறான். இரண்டும் ஒன்றல்ல.

"பசங்களுக்குப் பழகிடும் டீச்சர், வயசுதானே" என்று அவனோடு வேலை பார்ப்பவரின் மாமனார் சொன்னார். நர்சரிக்காரரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார்: அது சாகவே சாகாது.

இரண்டும் சொல்வது "தாங்கும்" என்பதைத்தான். அந்த வார்த்தையை நான் பிறகு ரொம்ப நாள் யோசித்தேன். அம்மா அதிகமாகக் கொடுத்துக் கெடுத்தாள் என்றால், தாங்கும் என்பவர்கள் ஒன்றுமே கொடுக்காமல் கெடுக்கிறார்கள். பார்த்தால் எதிரெதிர். ஆனால் இரண்டிலும் செடியை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் தன் பதைப்பைப் பார்த்தார், இன்னொருவர் தன் சௌகரியத்தைப் பார்த்தார். யாரைப் பற்றி நாம் "எதையும் தாங்குவாங்க" என்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்த சம்பளம் வாங்குபவர்களைப் பற்றி. மறுசோறு போட நாம் மறந்துபோன மருமகளைப் பற்றி. கூடாரத்தில் தங்கவைத்திருக்கும் வடமாநிலப் பையன்களைப் பற்றி. புகைபோக்கிக்குக் கீழே குடியிருப்பவர்களைப் பற்றி. பாராட்டு மாதிரி காதில் விழும்; கணக்கு முடித்த ரசீது அது.

காட்டுப்பள்ளிக்குப் போகிற வழியில் கழிமுகத்தின் சேற்றுத் தரையில் உமரி படர்ந்திருக்கும். உருண்டு திரண்ட பச்சை இலை, வெயில் ஏறினால் சில இடங்களில் சிவக்கும். அதுவும் சதைப்பற்றுச் செடிதான், ஆனால் கதை வேறு. அதற்குச் சுற்றிலும் தண்ணீர். குடிக்க முடியாத தண்ணீர். ஆகவே உப்பை உள்ளே வாங்கி இலைக்குள் ஒரு மூலையில் பூட்டிவைத்து, நீரைத் தேக்கித் தடிக்கிறது. அதே கரையில் 2010 முதல் ஒரு நிலையம் கடல்நீரைச் சவ்வுகளில் அழுத்தித் தினம் 10 கோடி லிட்டர் குடிநீராக்குகிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் என்பது மின்கட்டணம் கட்டுபவர்களுக்குத் தெரியும். உமரி அதைச் சத்தமில்லாமல் வெயிலில் செய்கிறது. கடலோரத்துக் கஷ்டப்பட்ட ஜனங்கள் அதைக் கீரையாக ஆக்கித் தின்றிருக்கிறார்கள், வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, தனியாக உப்புப் போடாமல்.

உமரி முளைத்த நிலத்தை அதிகாரிகளின் கண்ணும் வியாபாரிகளின் கண்ணும் தரிசு என்றுதான் பார்க்கின்றன. ஒன்றும் விளையாத இடம், என்ன கொட்டினாலும் தாங்கும். ஆனால் உமரிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடல் தினம் இரண்டு தடவை வந்து போக வேண்டும். நடுவே ஒரு ரோடு போட்டு, கால்வாயின் வாயைச் சாம்பலால் தூர்த்துவிட்டால், தேங்கிய உப்பு கெட்டித்துப்போய் உப்புக்கென்றே பிறந்த செடிகளும் கருகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அலையாத்திச் செடிகளின் அடியெல்லாம் கீல் பூசியதுபோல் கறுத்து நின்றதைப் போய்ப் பார்த்தேன். புயலைத் தாங்கியவைதான் அவை.

சப்பாத்திக்கள்ளியின் கதை இன்னும் அழுத்தமானது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கலாம் என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்த பூச்சியோ நல்ல சாயம் தருகிற இனம் இல்லை. சாயத் தொழில் எழும்பவில்லை, ஒரு வகைக் கள்ளியை மட்டும் அது தின்று தீர்த்தது. இன்னொரு வகைக் கள்ளி தப்பித்தது. தென்னாட்டு மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அதுவே மூடிக்கொண்டது. வெட்டினால் துண்டுக்குத் துண்டு முளைத்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளி காலி. அரிவாளையும் நெருப்பையும் வறட்சியையும் தாங்கிய செடி, பஞ்சு ஒட்டியது மாதிரி இருக்கும் ஒரு பூச்சிக்குத் தாங்கவில்லை.

எதையும் தாங்குகிற உயிர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது, எந்த நேரத்தில் கதவைத் திறக்கும் என்பது தனித்தனி. அது தெரியாதவரை நாம் ஊற்றுகிற தண்ணீரும் தண்ணீர் இல்லை, விட்டுவைக்கிற விடுதலையும் விடுதலை இல்லை. இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது. மூன்று வேளையும் கடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு நான் மாலிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுப்பி ரணகள்ளி இலையை நாக்கில் வைத்தேன். மத்தியானம் மறுபடி வைத்தேன். "இதென்னடி, காலையில அப்படிப் புளிச்சுது!" என்றாள். ராத்திரியெல்லாம் வேலை பார்த்துச் சேர்த்த புளிப்பும்மா, பகல்ல கதவைச் சாத்திட்டு அதைத்தான் தின்னுது என்றேன். கொஞ்ச நேரம் உள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறொன்றும் பேசவில்லை.

இப்போது தம்பி வந்தவுடன் ஒரு டம்ளர் கஞ்சி. அதோடு சரி. மூன்று மணிக்கு அவனே எழுந்து வருவான். ஹாட்பாக்ஸில் சோறு இருக்கும். கீரைக்கார அம்மாவிடம், எங்கள் வாசலில் குரல் கொடுக்க வேண்டாம், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியாயிற்று. எதிர்வீட்டு டிரில்லிங் மெஷினை ஒன்றும் செய்ய முடியவில்லை. செடிகளுக்கு, குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் சாயங்காலம் தண்ணீர், குருத்தில் படாமல். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒன்றுகூட வேண்டியிருக்காது. அம்மா குச்சியை என்னிடமிருந்து வாங்கித் தன் வசம் வைத்துக்கொண்டாள்.

வாசல் கற்றாழையைப் பிறகுதான் நான் நிமிர்ந்து சரியாகப் பார்த்தேன். கட்டியபோது எடுத்த பொங்கல் போட்டோவில் பதினான்கு மடல் இருந்தது. இப்போது ஐந்து. ஒவ்வொரு அடிமடலாகச் சுருங்கி, அதிலிருந்த ஈரத்தை நடுக்குருத்துக்குக் கொடுத்துவிட்டுக் காய்ந்து விழுந்திருக்கிறது. விழுந்ததை நாங்கள்தான் தினம் பெருக்கித் தள்ளியிருக்கிறோம். அவிழ்த்து, செங்கல் பொடி கலந்த மண்ணில் ஊன்றி, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் நிழலில் வைத்தேன். வேர் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்த அமாவாசைக்கு அம்மா வேறொரு கற்றாழையும் கயிறுமாக வாசலில் நின்றாள். வாசல் நிலை சும்மா இருக்கக் கூடாதாம். எலுமிச்சையும் மிளகாயும் கட்டும்மா என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கட்டினாள்.